குரல் யாருடையது? பாடகர் வாழ்க்கைப் படங்கள்: வாசகர் கேள்வி-பதில்

குயின் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பாடகர் ஃப்ரெட்டி மெர்குரியைப் பற்றிய படம் 'பொஹீமியன் ராப்சடி' (2018). ஃப்ரெட்டியாக நடித்தவர் ராமி மாலிக். அதைப் பார்த்த கையோடு எழுதியவர்கள் பாதி. தாங்களே ஒரு பாடகரைப் பற்றிப் படம் எடுக்கக் கிளம்பியவர்கள் மீதி. இரு தரப்பிலும் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

ராமி மாலிக் அந்தப் பாட்டையெல்லாம் நிஜமாகவே பாடினாரா? இல்லை, ஆஸ்கர் கொடுத்தது வாயசைப்புக்கா?
வாசகர், திண்டுக்கல்

வாயசைப்புக்கும் சேர்த்துத்தான். படத்தில் நம் காதில் விழுவது மூன்று பேர் குரல். பெரும்பகுதி ஃப்ரெட்டி மெர்குரியின் சொந்தக் குரல். குயின் குழுவின் மூலப் பதிவுகளிலிருந்து எடுத்தது. அப்படி எடுக்க வழியில்லாத இடங்களில் கனடாக்காரர் மார்க் மார்ட்டெல் பாடியிருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஃப்ரெட்டிதான் என்று சத்தியம் செய்வீர்கள், அப்படியொரு குரல். இவற்றோடு ஆங்காங்கே மாலிக்கின் குரலும் கலந்திருக்கிறது. அந்தப் படம் வாங்கிய 4 ஆஸ்கர்களில் 2 ஒலிக்கு (ஒலித் தொகுப்பு, ஒலிக் கலவை) போனதற்கு இந்தத் தையல் வேலையும் ஒரு காரணம் என்பது எங்கள் எண்ணம்.

மாலிக்கின் பங்கு உடம்பில் இருக்கிறது. நடன அசைவுகளை மனப்பாடம் செய்யாமல், பாலி பென்னெட் என்ற அசைவுப் பயிற்சியாளரோடு உட்கார்ந்து, ஃப்ரெட்டி ஏன் அப்படித் திரும்பினார், தோளை ஏன் அப்படி நிமிர்த்தினார் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார். அந்தப் பாதி மைக் ஸ்டாண்டைக் கவனியுங்கள். ஆரம்ப காலக் கச்சேரி ஒன்றில் ஸ்டாண்ட் நடுவில் கழன்று வந்துவிட, அடிப்பாகத்தை விட்டுவிட்டு மேல்பாதியோடே ஃப்ரெட்டி பாடி முடித்தார் என்பது பிரபலமான கதை. பிறகு அதுவே அவர் அடையாளமாகிவிட்டது. கையில் ஒரு கோல் இருக்கும்போது முழங்கையும் மணிக்கட்டும் எப்படி நடந்துகொள்ளும் என்பது தெரியாமல் அந்த வேடத்தைப் போட முடியாது.

கல்லூரிக் குழுவாக எங்கள் ஊர் மெல்லிசைக் கச்சேரிப் பாடகர் ஒருவரைப் பற்றிக் குறும்படம் எடுக்கிறோம். பாட்டின் தொடக்கத்தில் உதடு சரியாக ஒட்டுகிறது, முடிவுக்கு வரும்போது விலகிவிடுகிறது. நடிகர் மேல் தப்பா?
மாணவர்கள், காரைக்குடி

நடிகரைத் திட்டாதீர்கள். விலகல் எப்படி விலகுகிறது என்று பார்த்தாலே காரணம் பிடிபடும்.

கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போனால் ஃபிரேம் கணக்கில் கோளாறு. பல கேமராக்களில் விநாடிக்கு 24 ஃபிரேம் என்று எழுதியிருப்பது உண்மையில் 23.976. அதை எடிட்டிங்கில் 24 ஃபிரேம் டைம்லைனுக்கு ஏற்றபடி வேகம் மாற்றிப் போட்டால் காட்சி ஆயிரத்தில் ஒரு பங்கு வேகமாக ஓடும். 4 நிமிடப் பாட்டில் அது 0.24 விநாடி, அதாவது கிட்டத்தட்ட 6 ஃபிரேம். 2 ஃபிரேம் விலகினாலே கூர்ந்து பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார். உங்களுக்கு நேர்ந்திருப்பது இதுவாகத்தான் இருக்க வேண்டும். கேமராவில் என்ன வைத்தீர்களோ அதையே டைம்லைனிலும் வைத்து மறுபடி போட்டுப் பாருங்கள். எடுத்த காட்சிகளைத் தூக்கி எறிய வேண்டியதில்லை.

ஒரு இடத்தில் ஒட்டி, அடுத்த இடத்தில் விலகி, மறுபடி ஒட்டினால் செல்போனில் எடுத்திருக்கிறீர்கள் என்று பொருள். போன் தன் வசதிக்கு ஃபிரேம் எண்ணிக்கையை ஏற்றி இறக்கும். எடிட்டிங்குக்கு முன்பே நிலையான எண்ணிக்கைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். எடுக்கும்போதே அதைப் பூட்டிவைக்கும் செயலியில் எடுத்தால் இன்னும் நல்லது.

முதலிலிருந்து கடைசிவரை ஒரே அளவு விலகியிருந்தால் ஒலி தாமதம். புளூடூத் ஸ்பீக்கர் பெரும்பாலும் விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தாமதமாகப் பாடும். படப்பிடிப்புக்கு அது ஆகாது, கம்பி போட்டு இணையுங்கள். ஸ்பீக்கர் இருக்கும் தூரமும் கணக்குத்தான்: ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது, 17 மீட்டர் தள்ளி நிற்கிற டிரம்ஸ்காரருக்குப் பாட்டு ஒரு ஃபிரேமுக்கும் மேல் தாமதமாகக் கேட்கும். பாடகர் ஒரு தாளத்தில், டிரம்ஸ் ஒரு தாளத்தில் தெரிவது இதனால்தான். மேடையிலேயே ஆளுக்கருகில் சின்ன ஸ்பீக்கர் வையுங்கள், அல்லது காதுக்குள் வைக்கும் கருவி கொடுங்கள்.

இனிமேல் எடுப்பதற்கு: பாட்டின் கலவையை முதலில் முடித்துவிடுங்கள். "படம் எடுத்த பிறகு மிக்ஸ் பண்ணிக்கொள்ளலாம்" என்று கிளம்பி வேகத்தை மாற்றினால் எல்லாம் போச்சு. 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாகப் படப்பிடிப்புக்குக் கொண்டுபோங்கள். பல்லவிக்கு முன் ஒரே இடைவெளியில் 4 பீப் வையுங்கள், அப்போதுதான் நடிகர் எண்ணிக்கொண்டு மூச்செடுப்பார். பாட்டில் பாடகரின் மூச்சுச் சத்தத்தைச் சுத்தம் செய்து நீக்கியிருந்தால் அதைத் திரும்பச் சேருங்கள். எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்று நடிகருக்கு வேறெப்படித் தெரியும்? படப்பிடிப்பில் பாட்டை ஓடவிடும் ஆளிடமிருந்து ஒரு கம்பி நேராகக் கேமராவுக்கோ ரெக்கார்டருக்கோ போகட்டும், கூடவே கிளாப்பும் அடியுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நடிகர் வாய்விட்டு, முழுத் தொண்டையில் பாட வேண்டும். சுருதி சேராவிட்டால் பரவாயில்லை, அது படத்தில் வரப்போவதில்லை. முணுமுணுத்தால் கழுத்து நரம்பு புடைக்காது, வயிறு ஏறி இறங்காது. உதடு நூற்றுக்கு நூறு ஒட்டியிருந்தும் பொய்யாகத் தெரியும். டிரம்ஸ் சத்தம் ஸ்பீக்கரை அமுக்கினால் டிரம்ஸுக்குள் தோலை ஒட்டித் துணி திணியுங்கள். குச்சியை மெதுவாக அடிக்கச் சொல்லாதீர்கள், அது உடனே தெரிந்துவிடும்.

லைவ் எய்ட் காட்சியை வெம்ப்ளி மைதானத்திலேயே எடுத்தார்களா?
வாசகி, கோயம்புத்தூர்

லண்டனில் இருந்த பழைய வெம்ப்ளியை இடித்து, புதிதாகக் கட்டி 2007-இல் திறந்துவிட்டார்கள். 1985 ஜூலை 13 அன்று லைவ் எய்ட் என்ற நிவாரண நிதிக் கச்சேரியில் குயின் ஏறிய மேடையை ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பகுதியில் உள்ள போவிங்டன் என்ற பழைய விமானத் தளத்தில் புதிதாகக் கட்டினார்கள். பியானோ மேல் இருந்த பெப்சி கோப்பைகள்கூடத் தொலைக்காட்சிப் பதிவைப் பார்த்து அப்படியே வைக்கப்பட்டவை. படப்பிடிப்பு தொடங்கியதே அந்தக் காட்சியில்தான். நாலு நடிகர்களுக்கும் அதைவிடக் கொடுமையான முதல் நாள் இருக்க முடியாது.

அன்று குயின் மேடையிலிருந்தது சுமார் 21 நிமிடம். தியேட்டர் பிரதியில் 2 பாடல்கள் இல்லை. வீட்டுக்கு வந்த வட்டில்தான் முழுமையாகச் சேர்த்தார்கள்.

கூட்டத்தில் முன்வரிசைகள் ஆட்கள், பின்னால் கணினி. இதைச் சிறிய அளவில் செய்ய விரும்புகிறவர்களுக்கு: 100 பேர் போதும். கேமராவை முக்காலியில் இறுக்கி, எக்ஸ்போஷரையும் வெள்ளைச் சமநிலையையும் கையால் பூட்டி, அதே 100 பேரை மைதானத்தின் ஒவ்வொரு கட்டமாக நகர்த்தி எடுத்து ஒட்டுங்கள். கட்டங்களுக்கிடையே ஒரு ஆள் நடக்கிற சந்து விடுங்கள். தூக்கிய கைகள் அடுத்த கட்டத்துக்குள் நீண்டால் ஒட்டுமிடத்தில் வெட்டுப்பட்டுத் தெரியும். சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது, ஆகவே அரை மணிக்குள் முடியுங்கள், இல்லாவிட்டால் நிழல்கள் ஆளுக்கொரு திசை காட்டும். ஒவ்வொரு முறையும் ஆட்களை இடம் மாற்றுங்கள். சிவப்புச் சட்டைக்காரர் ஒருவரையாவது வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவர்தான் 5 இடத்தில் நின்று மானத்தை வாங்குவார்.

அந்தப் படத்தில் உண்மை எவ்வளவு, கப்ஸா எவ்வளவு?
வாசகர், திருச்சி

ஆட்கள் உண்மை, வரிசை கப்ஸா.

1974 அமெரிக்கப் பயணக் காட்சியில் ஒலிக்கிற பாட்டு ஒன்று 1978-இல்தான் வெளிவந்தது. 1977-இல் வந்த 'வி வில் ராக் யூ' 1980-இல் உருவாவதாகக் காட்டுகிறார்கள். பேஸ் கிடாரிஸ்ட் ஜான் டீக்கன் முதல் கச்சேரியிலேயே நிற்கிறார். உண்மையில் அவர் 1971-இல் சேர்ந்தவர். இவையெல்லாம் ரசிகர்கள் சண்டை போட மட்டும் உதவும், விட்டுவிடலாம்.

விட முடியாதவை இரண்டு. படத்தில் ஃப்ரெட்டி தனி ஒப்பந்தம் போட்டுக் குழுவை உடைக்கிறார், லைவ் எய்டுக்காக மறுபடி சேர்கிறார்கள். குழு உடையவே இல்லை. 1984-இல் ஆல்பம் வெளியிட்டு, 1985 மே மாதம் வரை உலகம் சுற்றிக் கச்சேரி செய்துகொண்டிருந்தார்கள். தனி ஆல்பம் என்றால், டிரம்ஸ்காரர் ராஜர் டெய்லர் 1981-லேயே போட்டுவிட்டார். அடுத்தது, லைவ் எய்டுக்கு முன்பே தனக்கு எச்.ஐ.வி. இருப்பதை ஃப்ரெட்டி சொல்வது. அவருக்கு அது உறுதியானது 1987 வாக்கில் என்றே அவர் துணைவர் ஜிம் ஹட்டன் எழுதியிருக்கிறார்.

ஏன் மாற்றினார்கள்? படம் லைவ் எய்டில் முடிகிறது. அந்த 21 நிமிடத்துக்குக் கனம் வேண்டுமென்றால் பிரிவு, நோய், மன்னிப்பு எல்லாவற்றையும் அதற்கு முன்னால் அடுக்கியாக வேண்டும். பாட்டின் வருஷத்தை மாற்றுவது திரைக்கதை வசதி; ஒருவர் நோயின் வருஷத்தை மாற்றுவது அந்த வகையில் சேராது. படத்தின் இசைப் பொறுப்பில் குயினின் கிடாரிஸ்ட் பிரையன் மேயும் ராஜர் டெய்லரும் இருந்தார்கள், தயாரிப்பாளர்களில் ஒருவர் குயினின் மேலாளர் ஜிம் பீச். உடைத்த பழி உயிரோடு இல்லாதவர் தலையில் போனதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இந்த வகைப் படம் எதைப் பார்த்தாலும் தொடக்க எழுத்துகளில் தயாரிப்பாளர் பெயர்களைப் படித்துவிட்டு உட்காருங்கள், யார் நல்லவராக வருவார் என்பது பாதி தெரிந்துவிடும்.

ஃப்ரெட்டி இந்தியாவில் படித்தவராமே? படத்தில் வரவில்லையே?
வாசகி, ஓசூர்

மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனியில் புனித பீட்டர் பள்ளி விடுதியில் படித்தார். அப்போது பெயர் ஃபரூக் புல்சாரா, பிறந்தது சான்சிபார், பார்சி குடும்பம். பள்ளியிலேயே 'தி ஹெக்டிக்ஸ்' என்று ஒரு இசைக்குழு வைத்திருந்தார். படம் லண்டனில் தொடங்குகிறது, அதனால் பஞ்ச்கனி பேச்சோடு போய்விட்டது. தனிப் படத்துக்கே ஆகும் சரக்கு.

நடிகரே பாடுவது மேலா, அசல் குரலைப் போடுவது மேலா?
வாசகர், சேலம்

பாடகரைப் பொறுத்தது. ஜானி கேஷ், பாப் டிலன் போன்றவர்களின் பாட்டு பேச்சுக்குப் பக்கத்தில் இருப்பது. அங்கே குரலின் வீச்சைவிடச் சொல்லும் தோரணை முக்கியம். அதனால் கேஷ் பற்றிய 'வாக் தி லைன்' (2005) படத்தில் வாக்கீன் ஃபீனிக்ஸ் தானே பாடியது எடுபட்டது. டிலன் பற்றிய 'எ கம்ப்ளீட் அன்நோன்' (2024) படத்துக்காகத் திமோத்தி ஷாலமே முன்கூட்டியே பதிவு செய்து வைத்திருந்தும், படப்பிடிப்பில் கிடாரும் ஹார்மோனிகாவுமாக நேரடியாகவே பாடினார். படம் தள்ளிப்போனதில் பயிற்சிக்கு 5 வருஷத்துக்கு மேல் கிடைத்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விட்னி ஹூஸ்டன் மாதிரிக் குரலுக்கு அந்த வேலை ஆகாது. அவர் படத்தில் (2022) பெரும்பாலும் அவர் குரலேதான். பிரெஞ்சுப் பாடகி எடித் பியாஃப் வேடத்தில் ஆஸ்கர் வாங்கிய மரியோன் கோட்டியார் உதடசைத்தார். அசல் பதிவு போக மீதியை வேறொரு பாடகி பாடினார்.

'ரே' (2004) இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டது: குரல் ரே சார்ல்ஸுடையது, பியானோவில் ஓடும் விரல்கள் ஜேமி ஃபாக்ஸுடையவை. அவர் முறையாகப் பியானோ கற்றவர் என்பதால் கேமரா கையிலிருந்து முகத்துக்கு வெட்டில்லாமல் ஏற முடிந்தது. 'எல்விஸ்' (2022) படத்தில் இளம் வயதுப் பாடல்கள் ஆஸ்டின் பட்லர் குரல், பிற்காலத்துக்கு எல்விஸின் பதிவு. வயதாக ஆக அசல் உள்ளே வருகிறது. காதில் உறுத்தாத ஏற்பாடு.

பஞ்சாபிப் பாடகர் ஒருவரைப் பற்றிய இம்தியாஸ் அலியின் 'அமர் சிங் சம்கீலா' (2024), ஏ.ஆர். ரஹ்மான் இசை, இதில் வேறு வகை. தில்ஜித் தோசாஞ்சும் பரினீதி சோப்ராவும் கச்சேரிப் பாடல்களைப் படப்பிடிப்பிலேயே பாடினார்கள். ஒரு பாடகரைப் பாடகராக நடிக்க வைத்தால் பாதித் தலைவலி போய்விடுகிறது. பஞ்சாப் ஊர்த் திடலில் ஒற்றை மைக்கைப் பகிர்ந்து பாடுகிற ஜோடியின் மூச்சிரைப்பை ஸ்டூடியோவில் செய்து எடுக்க முடியாது.

மறைந்த பாடகர் ஒருவரைப் பற்றிப் படம் எடுக்க யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? குடும்பம் சரி என்றால் போதுமா?
வாசகர், சென்னை

போதாது. குடும்பத்தின் சம்மதமும் பாட்டின் உரிமையும் தனித்தனி. பாட்டிலேயே இரண்டு உரிமைகள் உண்டு: எழுதி மெட்டமைத்ததன் உரிமை ஒன்று, அதைப் பதிவு செய்த ஒலியின் உரிமை இன்னொன்று. பழைய பதிவையே படத்தில் ஒலிக்கவிட்டால் இரண்டு பேரிடமும் வாங்க வேண்டும். நடிகரைப் பாடவைத்தால் ஒலிப்பதிவு உரிமை தேவையில்லை, ஆனால் மெட்டு, வரிகளின் உரிமை கட்டாயம். "நாங்களே பாடிக்கொள்கிறோம்" என்பதால் இலவசமாகிவிடாது.

கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு படங்கள். டேவிட் போவி பற்றிய 'ஸ்டார்டஸ்ட்' (2020) குடும்பத்தின் ஆதரவில்லாமல் வந்தது. போவி எழுதிய ஒரு பாட்டுகூட இல்லை, அவர் மேடையில் பாடிய மற்றவர் பாடல்களை வைத்து ஒப்பேற்றினார்கள். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் படத்துக்கும் (2013) அதே கதி. ரசிகர் எதற்காக வந்தாரோ அது இல்லை. எங்களைக் கேட்டால், பாட்டு கிடைக்கவில்லையென்றால் பெயர்களை மாற்றிக் கற்பனைப் பாடகராக்கிப் புதுப் பாட்டுப் போடுவதே கௌரவம்.

நம் நாட்டுக் கணக்கு: ஒலிப்பதிவுக்கான உரிமை வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டு, கவிஞர், இசையமைப்பாளர் உரிமை அவர்கள் மறைந்த பிறகும் 60 ஆண்டு. ஆகவே 1960-இல் வந்த இசைத்தட்டின் ஒலிக்கு உரிமை 2020-உடன் தீர்ந்திருக்கும், ஆனால் கவிஞர் 1981-இல் மறைந்திருந்தால் வரிகளுக்கு 2041 முடியும்வரை உண்டு. இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் "60 வருஷம் ஆயிற்று" என்று கிளம்பி மாட்டிக்கொள்ளாதீர்கள். சினிமாப் பாட்டானால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது முதல் உரிமையாளர் படத் தயாரிப்பாளரே. அவர் இசை நிறுவனத்துக்கு விற்றிருப்பார், அது இன்னொன்றுக்கு விற்றிருக்கும். பத்திரங்களை வரிசையாகக் கேட்டு வாங்குங்கள். 2012 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு என்பதையும் பட்ஜெட்டில் எழுதிவிடுங்கள்.

வாழ்க்கைக் கதைக்கு: ஆட்டோ சங்கர் வழக்கில் (1994) உச்ச நீதிமன்றம், பொது ஆவணங்களில் உள்ளதை ஒருவர் சம்மதமின்றியும் வெளியிடலாம், அதைத் தாண்டினால் அந்தரங்க உரிமையில் கை வைத்ததாகும் என்றது. 'தலைவி' படத்தையும் 'குயின்' தொடரையும் எதிர்த்து (இந்த குயின் வேறு) ஜெயலலிதாவின் அண்ணன் மகள் தீபா தொடுத்த வழக்கில், அந்தரங்க உரிமை ஒருவரின் மறைவோடு முடிந்துவிடுகிறது, வாரிசுக்குப் போவதில்லை என்ற நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் எடுத்தது. இதை நம்பித் துணிந்தாலும், கதையில் வருகிற மற்றவர்கள் உயிரோடு இருப்பார்களே! முன்னாள் மனைவி, மேலாளர், அண்டை வீட்டுக்காரர் ஆகியோரிடம் எழுத்தில் வாங்குங்கள், அல்லது பெயரை மாற்றுங்கள். டிலன் படத்தில் அவருடைய காதலி பெயரை டிலனே மாற்றச் சொல்லி, 'சில்வி ரூசோ' ஆக்கினார்கள். படப்பிடிப்புக்கு முன் ஒரு வழக்கறிஞருக்குக் கொடுக்கிற கட்டணம், வெளியீட்டுக்கு முதல் நாள் வருகிற தடை உத்தரவைவிட மலிவு.

ராபி வில்லியம்ஸ் படத்தில் ஏன் சிம்பன்சி?
வாசகர், புதுச்சேரி

ஆட்டுவிக்கப்படும் குரங்காகவே தன்னை உணர்ந்ததாக இங்கிலாந்துப் பாப் பாடகரான அவர் சொன்னதை இயக்குநர் மைக்கேல் கிரேசி அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டார். ஜோனோ டேவிஸ் நடித்ததன் மேல் வீட்டா நிறுவனம் கணினியில் குரங்கைப் போர்த்தியது. 'பெட்டர் மேன்' (2024) வசூலில் படுத்துவிட்டது. எங்களுக்குப் பிடித்த படம். ஒப்பனையில் சாயல் தேடுகிற வேலை பத்து நிமிடத்தில் மறந்துபோய், ஆள் தெரிய ஆரம்பிக்கிறார்.

எல்லாப் பாடகர் படமும் ஒரே மாதிரி இருக்கிறதே: ஏழ்மை, ஒப்பந்தம், போதை, விவாகரத்து, பெரிய கச்சேரி. தப்பிக்க வழி உண்டா? திரைக்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.
வாசகி, மதுரை

பிறப்பிலிருந்து இறப்புவரை எழுதினால் தப்பிக்க முடியாது. 50 வருஷத்தை 2 மணி நேரத்தில் அடைத்தால் ஒவ்வொரு காட்சியும் ஒரு செய்தித் துணுக்காகிவிடும். வருஷத்தைக் குறுக்குங்கள். டிலன் படம் 1961 முதல் 1965 வரை மட்டும்: ஊருக்கு வந்த பையன் மின்சார கிடாரைத் தூக்கும்வரை. அதற்கே, 1966-இல் மான்செஸ்டரில் ஒரு ரசிகர் "யூதாஸ்!" (துரோகி) என்று கத்தியதை 1965 நியூபோர்ட் இசை விழாவுக்குக் கடத்த வேண்டியிருந்தது.

காட்சி எழுதும் முன் பாட்டுப் பட்டியல் எழுதுங்கள், எதற்கு உரிமை கிடைக்கும் என்று விசாரித்துக் குறியுங்கள். உச்சக்காட்சிக்கு நினைத்த பாட்டு கிடைக்காது என்பது இப்போதே தெரிந்தால் நல்லது. ஒவ்வொரு பாட்டிலும் யாருக்கோ ஏதோ மாற வேண்டும்: ஜன்னல் வழியே கேட்கும் அம்மா, பக்கவாட்டில் நின்று முகம் சுருங்கும் கூட்டாளி. மாறாத பாட்டை ஒரு சரணத்தோடு வெட்டுங்கள். டீ குடித்துக்கொண்டே மேதை ஒரே மூச்சில் பாட்டெழுதுகிற காட்சி வேண்டாம். தப்பான சுருதியில் தொடங்கியது, சண்டை, அழித்தது, பதிவுக்கூட வாடகை ஏறுகிறது: இதில்தான் நாடகம் இருக்கிறது.

தமிழ்ப் பின்னணி உள்ள பாப் பாடகர் பற்றி ஏதாவது உண்டா?
வாசகர், டொரண்டோ

எம்.ஐ.ஏ., அதாவது மாதங்கி அருள்பிரகாசம் பற்றிய ஆவணப்படம் 'மாதங்கி/மாயா/எம்.ஐ.ஏ.' (2018). எடுத்தவர் ஸ்டீவ் லவ்ரிட்ஜ், அவரோடு கலைக் கல்லூரியில் படித்தவர். பாடகி ஆவதற்கு முன் மாதங்கிக்கு ஆவணப்பட ஆசை இருந்ததால் வீட்டையும் உறவுகளையும் தானே கேமராவில் எடுத்து வைத்திருந்தார். இலங்கைக்குப் போய் எடுத்தவையும் உண்டு. அந்தச் சரக்கில்தான் படமே நிற்கிறது. அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் நடுவர் சிறப்பு விருது கிடைத்தது. ஒப்பனையும் இல்லை, உதடசைப்பும் இல்லை. பாட்டைத் தேடிப் போகிறவர்களுக்குக் குறை இருக்கும்.

நாடகத்தில் ஃப்ரெட்டி வேடம் போடுகிறேன். பல்லுக்கு என்ன செய்வது?
வாசகர், யாழ்ப்பாணம்

ஃப்ரெட்டிக்கு மேல்தாடையில் 4 பற்கள் கூடுதல். அதனால் முன்வரிசை வெளியே தள்ளியிருந்தது. எடுத்தால் குரல் கெடும் என்று பயந்து விட்டுவிட்டார். மாலிக்குக்குச் செயற்கைப் பல்வரிசை செய்தார்கள், படப்பிடிப்பு தொடங்கும் முன்பே போட்டுப் பழகினார்.

கடையில் விற்கிற, வெந்நீரில் மென்மையாக்கிக் கடிக்கும் வகை வேண்டாம், பாட்டின் நடுவில் கழன்று விழும். பல் மருத்துவரிடம் அச்செடுத்து, உங்கள் பல்மேல் மாட்டும் மெல்லிய உறையாகச் செய்யச் சொல்லுங்கள். மேடைக்கு, நிஜத்தைவிடக் கொஞ்சம் குறைவாகவே துருத்தட்டும். முதல் வாரம் எச்சில் ஊறும், 'ஸ' சத்தம் சீட்டியடிக்கும். தினமும் அரை மணி போட்டுக்கொண்டு செய்தித்தாளை உரக்கப் படித்தால் நாக்கு வழிக்கு வரும். பேசும்போது மேலுதட்டை இறக்கிப் பல்லை மூடுகிற பழக்கம் ஃப்ரெட்டிக்கு உண்டு. உறையைப் போட்டதும் அது உங்களுக்கும் தானாகவே வந்துவிடும்.